ஷெவ்ச்சென்கோவின் கவிதையை உங்கள் கொயர் பாடப்போகிறதா? சொல்லிலிருந்து தொடங்குங்கள்

உக்ரைனின் மகாகவி தராஸ் ஷெவ்ச்சென்கோ பிறந்தது 1814 மார்ச் 9. இறந்தது 1861 மார்ச் 10. இந்த இரண்டு நாட்களையொட்டி உக்ரைனியர் வாழும் ஊர்களில் எல்லாம் அவர் கவிதைகள் பாடப்படும். ரொறன்ரோவில் அப்படியொரு நிகழ்ச்சிக்கு எங்கள் கொயரையும், அதாவது சேர்ந்து பாடும் குழுவையும், அழைத்தார்கள். நாங்கள் 32 பேர், தமிழர் பாதி, மற்றவர்கள் பல இனத்தவர். உக்ரைனிய மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஸ்கோரை, அதாவது இசைக்குறிப்புத் தாளை, இறக்கினோம். சுரத்துக்குக் கீழே ரோமன் எழுத்தில் சொற்கள் இருந்தன. ஆறு கிழமை பழகினோம்.

ஏழாவது கிழமை, 2022-இல் உக்ரைனின் கார்கிவ் நகரிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மா ஒத்திகைக்கு வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இசை அழகாக இருக்கிறது. ஆனால் நீங்கள் பாடுவது எங்கள் மொழியின் ஒலி இல்லை, ரஷ்ய ஒலி." அந்த ரோமன் எழுத்துகளை யாரோ ரஷ்ய வாசிப்பு முறைப்படி எழுதியிருக்கிறார்கள். ரஷ்யாவின் போரில் வீடு இழந்து வந்தவர்கள் முன்னால், அவர்களுடைய கவிஞரை அந்த ஒலியில் பாடியிருப்போம் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆறு கிழமை பழகியதை மறக்க இன்னும் ஆறு கிழமை ஆனது. நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தப் பாடல் என்று முடிவுசெய்யுங்கள்

முதல் முறை என்றால் நான்கு குரலுக்கு எளிமையாக அமைந்த ஒன்றை எடுங்கள். என் பரிந்துரை, "ஸபொவித்". மரணசாசனம் என்று பொருள். ஷெவ்ச்சென்கோ 1845 டிசெம்பரில், கடும் நோயில் கிடந்தபோது எழுதியது. பலர் இதற்கு இசை அமைத்திருக்கிறார்கள். மக்கள் வாயில் நிலைத்தது ஹோர்தி ஹ்லாட்கி அமைத்த மெட்டு. சாதாரணக் கொயருக்கு அது எட்டும்.

அடுத்தது "ரெவே த ஸ்தொஹ்னே", அதாவது "அகன்ற த்னிப்ர் ஆறு உறுமிப் புலம்புகிறது". ஷெவ்ச்சென்கோவின் ஒரு கதைப்பாட்டின் தொடக்க வரிகள். இசை தானிலோ க்ரிஜானிவ்ஸ்கி. பேஸ் எனும் கனத்த ஆண் குரல்கள் நன்றாக இருக்கும் கொயருக்கு இது பொருந்தும்.

கொஞ்சம் பழகிய கொயர் என்றால் மிக்கோலா லிசென்கோவிடம் போகலாம். ஷெவ்ச்சென்கோவின் கவிதைகளுக்கு மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட இசையாக்கங்கள் செய்தவர். இவான் ஃப்ரான்கோவின் கவிதைக்கு அவர் 1905-இல் அமைத்த "விச்னிய் ரெவொல்யுத்சியொனேர்" முழங்கிப் பாட ஏற்றது. "ஷ்செத்ரிக்" என்ற பாடல் மூலம் உலகம் அறிந்த மிக்கோலா லெயோன்தோவிச், நாட்டுப்பாடல்களைத் தவிரத் தம் காலக் கவிஞர்களின் கவிதைகளுக்கும் கொயர் இசை எழுதியிருக்கிறார். ஹ்ரிஹோரி ச்சுப்ரின்காவின் கவிதைக்கு அமைத்த "லித்னி தோனி" கேட்கும்போது மென்காற்றுப் போல இருக்கும். பாடப் போனால் ஒவ்வொரு குரலும் தனித்தனியே ஓடும், அதற்கு நேரம் வேண்டும்.

போரிஸ் லியாத்தோஷின்ஸ்கியின் "தெச்சே வொதா வ் ஸினே மோரே" இரண்டாம் ஆண்டுக்கு. குரல்கள் பிரியும், ஒலிகள் உரசும், சுருதி நழுவும். வாலென்தின் சில்வெஸ்ட்ரோவ் 1977-இல் ஷெவ்ச்சென்கோவின் கவிதைகளுக்கு அமைத்த, வாத்தியம் இல்லாத கொயர் கந்தாத்தா (பல பகுதிகள் கொண்ட பாடல் படைப்பு) இன்னும் அருமையானது. ஆனால் அவ்வளவு மெல்லிய குரலில் சுருதி பிசகாமல் நிற்பது தேர்ந்த கொயருக்கே கடினம். ஸ்தானிஸ்லாவ் லியுத்கேவிச்சின் "காவ்காஸ்" பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். அதற்குப் பெரிய கொயரும் முழு வாத்தியக் குழுவும் வேண்டும்.

2. உரிமை யாருடையது என்று பாருங்கள்

ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு தாள் எடுத்து நான்கு பெயர்களை எழுதுங்கள்: கவிஞர், இசையமைப்பாளர், இந்தப் பதிப்பைச் சீரமைத்தவர், மொழிபெயர்த்தவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இறந்த ஆண்டு. நான் முதல் இரண்டை மட்டும் பார்த்தேன். மூன்றாமவர்தான் பின்னால் வந்து நின்றார்.

ஷெவ்ச்சென்கோ (1861), லிசென்கோ (1912), ஃப்ரான்கோ (1916), லெயோன்தோவிச் (1921) ஆகியோரின் படைப்புகள் எங்கும் பொதுவுடைமை, அதாவது காப்புரிமை முடிந்தவை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சிக்கல் அதற்குப் பின் வந்தவர்களிடம். கனடாவில் காப்புரிமை 2022 இறுதியில் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீண்டது, ஆனால் ஏற்கெனவே பொதுவுடைமை ஆனவற்றை அது திரும்பப் பிடிக்கவில்லை. ஆகவே 1971-இலோ அதற்கு முன்போ இறந்தவர்களின், அவர்கள் வாழ்ந்தபோதே வெளியான படைப்புகள் இங்கே கட்டற்றவை. 1968-இல் இறந்த லியாத்தோஷின்ஸ்கி இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். 1979-இல் இறந்த லியுத்கேவிச் இந்தப் பக்கம், அவருடைய இசைக்கு 2049 இறுதி வரை அனுமதி வேண்டும். இந்தியாவில் கணக்கு வேறு, அங்கே 60 ஆண்டு. இலங்கையில் 70.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. மண்டபத்தில் பாடுவதற்குத் தடை இல்லாத பாடலைக் காணொளியாக இணையத்தில் ஏற்றினால், அது எல்லா நாட்டுக்கும் போகிறது. லியாத்தோஷின்ஸ்கியின் இசை உக்ரைனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2038 இறுதி வரை காப்பில் இருக்கிறது. இன்னொன்று, சோவியத் அரசு கொன்று பிற்பாடு குற்றமற்றவர் என்று அறிவித்த எழுத்தாளர்களுக்கு, உக்ரைனியச் சட்டம் 70 ஆண்டை இறந்த நாளிலிருந்து எண்ணாமல், அந்த அறிவிப்பிலிருந்து எண்ணியிருக்கிறது. 1938-இல் சுடப்பட்ட மிக்கோலா வொரோனியின் கவிதைக்கு லெயோன்தோவிச் அமைத்த "லெஹேந்தா"வைப் பாடிப் பதிவேற்றுபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

வாழும் இசையமைப்பாளர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மின்னஞ்சலே போதும், ஆனால் அதில் நாள், இடம், எத்தனை பிரதி, பதிவு உண்டா இல்லையா என்ற நான்கும் இருக்கட்டும். பதில் வர ஒரு மாதம் ஆனாலும் பொறுங்கள். மின்வெட்டுக்கும் வான்தாக்குதல் அபாய ஒலிக்கும் நடுவில் இருந்து எழுதுகிறார்கள். காப்பில் உள்ள பாடல் நிகழ்ச்சியில் ஒன்று இருந்தாலும், கனடாவில் இசை உரிமைக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பான சோகானின் உரிமம் வேண்டும். அதை மண்டபம் கட்டுகிறதா, நீங்கள் கட்டவேண்டுமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

3. ஸ்கோர் வாங்குவதும் செலவும்

பொதுவுடைமைப் பாடல்களுக்கு சிபிடிஎல், ஐஎம்எஸ்எல்பி என்ற இரண்டு இலவசத் தளங்களில் முதலில் தேடுங்கள். ரோமன் எழுத்தில் தேடினால் பாதிதான் அகப்படும். பெயரை உக்ரைனிய எழுத்தில் நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள். லிசென்கோவின் படைப்புகள் 1950-களில் கீவில் 20 தொகுதிகளாக வந்தன. அவற்றின் ஒளிவருடல்கள் கிடைத்தால் பயனுள்ளவை. சில்வெஸ்ட்ரோவ் போன்ற வாழும் மேதைகளின் ஸ்கோர் பதிப்பகத்திடம்தான். அவருடைய பல படைப்புகளை பெலாயெஃப் வெளியிட்டிருக்கிறது, ஷாட் வழியாக வாங்கலாம். அவற்றைத் தலைக்கு ஒன்றாக வாங்கியே ஆகவேண்டும். ஒன்று வாங்கி 32 போட்டோகொப்பி எடுப்பது திருட்டு. வாங்கிய ரசீதைக் கோப்பில் வையுங்கள், எங்களிடம் ஒருமுறை கேட்டார்கள்.

உக்ரைனிலிருந்து அச்சுப் பிரதி வரவழைப்பதானால் நாளைக் கணக்கில் வையுங்கள். 2022 பெப்ரவரி முதல் அந்நாட்டு வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. தபால் தரைவழியாக எல்லை கடந்துதான் வரும். எங்கள் பொதி வர ஏழு கிழமை எடுத்தது. பிடிஎஃப் தருகிறார்களா என்று முதலில் கேட்பது நல்லது.

எங்கள் செலவு, உங்களுக்கு ஓர் அளவுக்காக: சீரமைத்த பதிப்பு ஒன்று, பிரதிக்கு மூன்றரை டொலர் வீதம் 112 டொலர். உச்சரிப்பு ஆசிரியைக்கு நான்கு அமர்வு, 300 டொலர். இதில் ஒன்றைக் குறைக்கவேண்டி வந்தால் ஆசிரியையைக் குறைக்காதீர்கள்.

4. கையில் உள்ள சொற்களைச் சோதியுங்கள்

முன்பணம் கட்டும் முன்பே செய்யவேண்டிய வேலை இது. "ஸபொவித்"தின் முதல் இரண்டு வரிகள் சரியான ஒலியில் ஏறத்தாழ இப்படி வரும்:

யாக் உம்ரு, தொ பொக்ஹொவாய்தெ
மெனெ ந மொஹிலி

உங்கள் ஸ்கோரின் ரோமன் எழுத்தில் கடைசிச் சொல் "ஹி" என்று இருக்கிறதா, "கி" என்று இருக்கிறதா பாருங்கள். "மொகிலி" அல்லது "மகிலி" என்று வாசிக்கும்படி இருந்தால் அது ரஷ்ய முறை, கீழே வையுங்கள். அகரமாக மாறிய ஒகரமும் அதே அடையாளம். உக்ரைனிய மொழியில் ஒகரம் எங்கே வந்தாலும் ஒகரமாகவே நிற்கும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்தான் ஆகும். எனக்கு இது தெரிந்திருந்தால் ஆறு கிழமை மிஞ்சியிருக்கும்.

பழைய அச்சில் வேறொரு பொறி இருக்கிறது. ரஷ்யப் பேரரசு உக்ரைனிய எழுத்துமுறையைத் தடைசெய்திருந்த காலத்தில், ஸ்கோர்களின் சொற்கள் ரஷ்ய எழுத்தைக் கொண்டு அச்சாயின. "யரிஜ்கா" என்று அதற்குப் பெயர். அதில் ஒரே எழுத்து இன்றைய உக்ரைனிய எழுத்திலிருந்து வேறான ஒலியைக் குறிக்கும். அதை அப்படியே இணைய எழுத்துமாற்றியில் போட்டால் இகரம் எல்லாம் புரண்டு வரும். இசையைப் பழைய ஒளிவருடலிலிருந்து எடுங்கள், சொற்களை இன்றைய கவிதைப் பதிப்பிலிருந்து எடுங்கள். சோவியத் காலப் பதிப்புகளையும் கவிதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடவுள் என்ற சொல்லைக் கூட அவை சிறிய எழுத்தில்தான் அச்சிட்டன.

5. உச்சரிப்பு: தமிழர்க்கு எது எளிது, எது ஆபத்து

இந்தப் பகுதியில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலேயருக்கென எழுதிய உச்சரிப்புக் குறிப்புகள் நமக்கு உதவாது.

முதலில் நல்ல செய்தி. உக்ரைனிய "த" நம்முடைய "த" தான், பல்லில் நாக்குத் தொடும். கனடாவில் பிறந்த பிள்ளைகள் அதை "ட" ஆக்குவார்கள், திருத்துங்கள். ரகரம் உருளும், நமக்குச் சிரமம் இல்லை. ஒகரமும் எகரமும் நம்முடையவை போலத் தெளிவானவை. மென்மையான னகரம் ஒன்று உண்டு, ஞகரத்தை நினைத்துப் பாடினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இனி அந்த "ஹ". உக்ரைனியத்தில் மூன்று ஒலிகளைப் பிரிக்கவேண்டும். "ஹெ" என்ற எழுத்து, குரலோடு தொண்டையின் ஆழத்திலிருந்து வரும் ஹகரம். "மகன்" என்று இயல்பாகப் பேசும்போது நடுவில் வரும் ககரத்துக்கு அது நெருக்கம். "ஃஹா" என்ற எழுத்து, குரல் இல்லாமல் தொண்டையில் உரசும். ரோமனில் "கே", "ஹெச்" இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். மூன்றாவது, "அங்கே" என்பதில் வரும் ககரம் போன்ற "கெ", அரிதாகத்தான் வரும். மேலே உள்ள இரண்டு வரிகளில் "பொக்ஹொவாய்தெ"யில் உரசும் ஒலி, "மொஹிலி"யில் ஆழமான ஒலி. தமிழில் எழுதிப் படித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். எங்கள் பிரதியில் ஒன்றைச் சிவப்பாலும் மற்றதை நீலத்தாலும் வட்டமிட்டோம்.

தமிழர் மட்டும் விழும் குழி ஒன்று: ரோமனில் "இசட்", "ஹெச்" சேர்ந்து வந்தால் நம் கண் அதை ழகரமாகப் படிக்கும், "தமிழ்" என்று அப்படித்தானே எழுதிப் பழகியிருக்கிறோம். உக்ரைனியத்தில் அது ழகரம் இல்லை. ஷகரத்தைச் சொல்லும்போதே குரலையும் சேர்த்தால் வரும் ஒலி அது. எங்கள் அல்டோவில் (தாழ்ந்த பெண் குரல்) நான்கு பேர் இரண்டு ஒத்திகை முழுக்க ழகரம் பாடியதை நான் கவனிக்கவில்லை.

இகரம் இரண்டு வகை. ஒன்று நம் இகரம். மற்றது இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் தளர்ந்து நிற்பது. "அன்புக்குரிய" என்ற பொருளில் நான்காம் வரியின் கடைசியில் வரும் "மிலிய்" என்ற சொல்லில் இரண்டும் இருக்கின்றன: முதல் அசை தளர்ந்தது, இரண்டாவது கூரியது. இந்த ஒரு சொல்லைப் பயிற்சிச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

அசை எண்ணிக்கையைத் தொடாதீர்கள். "ஸபொவித்" எட்டும் ஆறுமாக ஓடும் கவிதை. நான்காம் வரி "நவ்-க்ரா-யி-னி மி-லிய்", ஆறு அசை. "உக்ராயினி" என்று முழுதாகச் சொன்னால் ஏழாகிவிடும். கவிஞரே அந்த உகரத்தை வகரமாக்கி முந்தைய சொல்லில் இழைத்திருக்கிறார். இன்றைய வழக்கில் "உக்ரைனில்" என்பதற்கு வேறு முன்னிடைச் சொல்தான் சரி என்று யாராவது திருத்தச் சொல்வார்கள். திருத்த வேண்டாம், அது ஷெவ்ச்சென்கோவின் வரி. அதுபோல "ரெவே த ஸ்தொஹ்னே"யில் ஆற்றின் பெயர் "த்னிப்ர்", ஓரசை. "த்னிப்ரோ" என்று நீட்டாதீர்கள், "த்னிபிர்" என்று உயிரைச் செருகவும் வேண்டாம்.

அழுத்தம் தமிழில் இல்லாத சங்கதி. அழுத்தம் விழும் அசையை நாம் நெடிலாக்கிவிடுவோம். அழுத்தம் என்றால் சற்றுப் பலம், நீளத்தைச் சுரம் பார்த்துக்கொள்ளும்.

கேட்டுப் பழக, 1919-இல் தொடங்கிய தும்கா கொயரின் பதிவுகளை எடுங்கள். தனிக்குரலில் சொல் இன்னும் தெளிவாகக் கேட்கும். உக்ரைனியன் ஆர்ட் சோங் புரொஜெக்ட், லிசென்கோ, ஸ்டெட்சென்கோ போன்றோரின் தனிக்குரல் பாடல்களைப் பதிவுசெய்து தருகிறது. அதில் ஷெவ்ச்சென்கோவின் வரிகளைப் பாடகர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று காது கொடுங்கள்.

6. பொருளைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள்

"மொஹிலா" என்றால் அகராதி "கல்லறை" என்று சொல்லும். இந்தக் கவிதையில் அது புல்வெளியில் உயர்ந்து நிற்கும் பழங்கால ஈமமேடு. "நான் இறந்தால், அகன்ற ஸ்தெப் புல்வெளி நடுவே, அன்புக்குரிய உக்ரைனில், ஒரு மேட்டின்மேல் என்னைப் புதையுங்கள்" என்கிறார், அங்கிருந்து வயல்களும் த்னிப்ரோவும் செங்குத்துக் கரைகளும் தெரியவேண்டும், ஆற்றின் உறுமல் கேட்கவேண்டும் என்பதற்காக. பீட்டர்ஸ்பர்கில் புதைக்கப்பட்டவரை அதே 1861-இல் எடுத்து வந்து, கானிவ் என்ற ஊரில் அந்த ஆற்றைப் பார்த்த குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். மேடு என்று தெரிந்த பிறகு எங்கள் டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல்கள்) அந்த வரியை இறக்கிப் பாடுவதை நிறுத்தினார்கள்.

நிகழ்ச்சித்தாளில் ஆங்கில மொழிபெயர்ப்பு போடுவதானால் அதற்கும் உரிமை உண்டு. எதெல் லிலியன் வொய்னிச் 1911-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு கனடாவில் கட்டற்றது. தமிழில் நீங்களே எழுதுங்கள்.

தேவாலய மண்டபத்தில் பாடுகிறீர்கள் என்றால் ஒரு வரியை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பகைவரின் குருதியை ஆறு கடலுக்குக் கொண்டுபோகும் நாளில்தான் கடவுளிடம் பறந்து சென்று தொழுவேன், அதுவரை நான் கடவுளை அறியேன் என்கிறார் கவிஞர். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு ஒரு மண்டபத்தார் அதை விட்டுப் பாடச் சொன்னார்கள். வெட்டிப் பாட எனக்கு மனம் வரவில்லை, கடைசி நேரத்தில் வேறு மண்டபம் தேடினோம்.

7. ஒத்திகைக்கு 14 கிழமை

முதல் இரண்டு கிழமை சுரமே வேண்டாம். கவிதையை வாசியுங்கள், தாளத்தில் சொல்லுங்கள், ஆசிரியை சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்லட்டும். அவர் வாசிப்பைக் கைப்பேசியில் பதிந்து, அவர் சம்மதத்துடன் எல்லோருக்கும் அனுப்புங்கள். மூன்று முதல் எட்டு வரை குரல் வாரியாகச் சுரம். சொல்லோடு சேர்க்கும் முன் ஒரே உயிரெழுத்தில் பாடுங்கள். எட்டாம் கிழமை ஆசிரியை மறுபடி வரவேண்டும், ஏனென்றால் சுரம் ஏறியதும் பழைய ஒலிகள் திரும்பிவிடும், இது கட்டாயம் நடக்கும். பத்தாம் கிழமைக்குப் பிறகு தாளைக் கீழே வையுங்கள். கடைசி அமர்வை நிகழ்ச்சிக்கு முந்திய கிழமைக்கு ஒதுக்குங்கள்.

மார்ச் நிகழ்ச்சி என்றால் நொவெம்பர் நடுவிலேயே தொடங்கவேண்டும். கிறிஸ்மஸ் விடுமுறையில் இரண்டு கிழமை போய்விடும்.

8. மண்டபமும் கோப்பும்

மார்ச் முதல் பாதியில் உக்ரைனியச் சமூக மண்டபங்கள் கிடைப்பது கடினம், செப்டெம்பரிலேயே கேளுங்கள். எங்களிடம் 20 இலட்சம் டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதிச் சான்று கேட்டார்கள். அதை எடுக்கப் பத்து நாள் ஆனது. கோப்பில் இருக்கவேண்டியவை: மண்டப ஒப்பந்தம், காப்புறுதிச் சான்று, ஸ்கோர் ரசீதுகள், அனுமதி மின்னஞ்சல்களின் அச்சு, இரண்டாம் படியில் சொன்ன பெயர்த்தாள். நிகழ்ச்சித்தாளில் கவிஞரின் பெயரும் இசையமைப்பாளரின் பெயரும் உக்ரைனிய ஒலிப்படி இருக்கட்டும், அச்சுக்குப் போகும் முன் ஆசிரியையிடம் காட்டுங்கள்.

கொயர் நடத்துநருக்கு ஒரு வார்த்தை. "ஸபொவித்" தொடங்கப் போகிறது என்றதும் உக்ரைனியர்கள் எழுந்து நிற்பார்கள், நாற்காலிச் சத்தம் கேட்கும். கையைத் தூக்கியபடியே இருங்கள், சத்தம் அடங்கட்டும், பிறகு முதல் சுரத்தைக் கொடுங்கள். பலர் உங்களோடு சேர்ந்து பாடுவார்கள், அவர்கள் வேகம் உங்கள் வேகத்தைவிட மெதுவாக இருக்கும். அவர்களோடு போங்கள்.